மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம்

எங்கள் மாவட்டத்துப் பெரிய ஆஸ்பத்திரியில், தேதி குறித்து நெஞ்சைத் திறந்து செய்யும் ஆபரேஷனில், நாலு வருஷமாக ஒருத்தர்கூடச் சாகவில்லை. இதை நான் சொல்லவில்லை. நெடுஞ்சாலையை விட்டு ஊருக்குள் திரும்பும் இடத்தில், பழைய நிலக்கரிக் கிடங்குக்கு மேலே, இரண்டு மாடி உயரத்துக்குப் பலகை வைத்து அவர்களே எழுதியிருக்கிறார்கள். பக்கத்தில் மூன்று நட்சத்திரம்; மாநிலம் கொடுப்பதில் அதுதான் உச்சம். கீழே டாக்டர் ஹார்லன் விட்காம் கைகட்டிக்கொண்டு சிரிக்கிறார். அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. என் வயிற்றெரிச்சலே அதுதான்.

ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்ல மாட்டேன். முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வக்கீல் நோட்டீஸ் வந்தால் படித்துக் காட்டக்கூட எனக்கு ஆள் கிடையாது. என் பெயர் பெர்னடின் ஹூடாக்; பெர்னி என்றால் போதும். என் கணவர் லியோ. வயது எழுபத்தொன்று. அதே பள்ளிக்கூடத்துப் பஸ்களை நாற்பது வருஷம் ரிப்பேர் பார்த்தவர். போன செப்டம்பரில் மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்கினார். ஊர் டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு முகத்தைச் சுருக்கினார்.

"வால்வு இறுகிப்போச்சு. கிறிஸ்துமஸுக்குள்ள மாத்திடணும். தள்ளிப் போட்டா ஒருநாள் நின்ன இடத்துல விழுந்துடுவாரு. விழுந்தா ஒரு மணி நேரம் தாங்கும், அவ்வளவுதான்" என்றார்.

நாங்கள் இருப்பது மலைக்கு அந்தப் பக்கம். ஆஸ்பத்திரிக்கு இருபத்தெட்டு மைல். எங்கள் பக்கத்து ஆம்புலன்ஸை ஓட்டுகிறவர்கள் எல்லாம் சம்பளம் வாங்காத தொண்டர்கள். போன் வந்தால் அவரவர் வேலையைப் போட்டுவிட்டு முதலில் ஷெட்டுக்கு ஓட வேண்டும். ஒரு மணி நேரம் எதற்குக் காணும்? மறுநாளே லியோவைக் கூட்டிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் நின்றேன்.

சர்ஜனைப் பார்க்கலாம் என்று போனால் எங்களை உட்காரவைத்தது 'தயாரிப்புத் துறை'யில். கெய்லின் என்று ஒரு பெண் வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். பதவியின் பெயர் 'பயணத் துணை'. கையில் ஒரு டேப்லெட்.

"லியோ கண்ணு, பயப்படாதீங்க. ஆபரேஷன்ங்கறது கடைசி நாலு மணி நேரம்தான். உண்மையான சிகிச்சையே தயாரிப்புதான்" என்றாள்.

எழுபத்தொரு வயது மனுஷனைக் கண்ணு என்கிறாளே என்று நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினாள். பத்தொன்பது கட்டங்கள். பல், எடை, சர்க்கரை, மனநிலை, நடை, உறக்கம், வீட்டு மாடிப்படி என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று. எல்லாமே சிவப்பு.

"பத்தொம்பதும் ஒரே நாள்ல பச்சையா இருக்கணும். அப்பதான் டாக்டர் விட்காமோட திரையில உங்க பேரே தெரியும்."

"ஒரு பச்சை எத்தனை நாளைக்குத் தாங்கும்?" என்று கேட்டார் லியோ.

"முப்பது நாள். அப்புறம் தானா சிவப்பாயிடும்."

லியோ கொஞ்ச நேரம் கட்டங்களைப் பார்த்தார். "நாப்பது வருஷமா பஸ் பாத்திருக்கேன் பொண்ணு. ஓடாத வண்டியத்தான் ஷெட்டுக்குக் கொண்டுவருவாங்க. நல்லா ஓட்டிக் காட்டு, அப்புறம் கதவைத் திறக்கறேன்னு நான் யார்கிட்டயும் சொன்னதில்ல."

"ரொம்ப அழகா சொன்னீங்க. இதை வகுப்புல எல்லாரோடயும் பகிர்ந்துக்குங்க" என்றாள் கெய்லின்.

வகுப்பு செவ்வாய்க்கிழமைகளில். பன்னிரண்டு பேரை வட்டமாக உட்காரவைத்து ஆளுக்கு ஒரு சிவப்புத் தலையணை கொடுத்தார்கள், இதய வடிவத்தில். ஆபரேஷன் முடிந்தபின் இருமல் வந்தால் தையல் பிரியாமல் இருக்க அதை நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டுமாம். சரி, நல்லதுதான். ஆனால் ஆபரேஷன் தேதியே இல்லாத பன்னிரண்டு பேர் தலையணையை அணைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் சேர்ந்து இருமியதை நான் கண்ணால் பார்த்தேன். பிறகு கலர் பென்சில் கொடுத்து அவரவர் இதயத்தை வரையச் சொன்னார்கள். லியோ வால்வையும் போல்ட்டையும் அளவோடு வரைந்தார். உணர்ச்சி போதவில்லை என்று கெய்லின் மறுபடி வரையச் சொன்னாள்.

பக்கத்து நாற்காலியில் இருந்தவர்தான் புருனோ பானிக். முப்பது வருஷம் தபால்காரராக இருந்தவர், அறுபத்தெட்டு வயது, பெண்டாட்டி போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். அவருக்கும் அதே வால்வுதான்.

"சிரிச்ச மாதிரி ரெண்டு கண்ணு போடுய்யா, விட்டுடுவா. நான் மூணாவது தடவையா ஒண்ணாங்கிளாஸ் படிக்கிறேன், எனக்குத் தெரியும்" என்று லியோ காதில் சொன்னார்.

லியோ இரண்டு கண் போட்டார். கட்டம் பச்சையானது.

அடுத்த வாரம் 'என் இலக்கு'. ஆளுக்கொரு வெள்ளைப் பலகை. லியோ 'சாகாமல் இருப்பது' என்று எழுதினார். கெய்லின் பதறிப்போய் அழித்தாள். எதிர்மறையாக எழுதக் கூடாதாம். 'வாழ்வது' என்று எழுதினார். அதை அளக்க முடியாதாம். சுற்றி இருந்தவர்களின் பலகைகளைப் பார்த்துவிட்டுக் கடைசியில் 'வசந்த காலத்தில் நாயைக் கூட்டிக்கொண்டு பூங்காவில் நடப்பது' என்று எழுதினார். கெய்லினுக்குக் கண் கலங்கிவிட்டது. பச்சை போட்டாள்.

எங்கள் வீட்டில் நாய் கிடையாது. மறுநாள் பார்த்தால் இருபதாவதாக ஒரு கட்டம் முளைத்திருக்கிறது, சிவப்பாக: நாய். ஆபரேஷன் ஆனவர் நாய் தடுக்கி விழுந்துவிட்டால் என்ன ஆவது, அதை யார் பார்த்துக்கொள்வார்கள், தடுப்பூசி போட்டாயிற்றா என்பதற்கெல்லாம் கால்நடை டாக்டர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும்.

"அம்மா தாயே, நாயே இல்ல. சும்மா எழுதினார்" என்றேன் போனில்.

"அப்ப இலக்கு சிவப்பாயிடுமே. வகுப்புக்கு மறுபடி முதல்லேர்ந்து வரணும்" என்றாள். குரலில் உண்மையிலேயே வருத்தம் இருந்தது. அந்தப் பெண்ணிடம் கெட்ட எண்ணமே கிடையாது. அதனால்தான் திட்டவும் முடியவில்லை.

என் தங்கச்சியின் நாயை ஒருநாள் கடன் வாங்கிக்கொண்டு போய் ஊசி போட்டுக் கையெழுத்து வாங்கிவந்தேன்.

பல் விவகாரம்தான் பெரிய கூத்து. லியோவுக்குக் கடைவாயில் ஒரு சொத்தைப் பல். அதில் இருக்கும் கிருமி புது வால்வுக்குப் போய்விடும், பிடுங்கிவிட்டு வா என்றார்கள். நியாயம். பல் டாக்டரிடம் போனால், "இந்த வால்வை வச்சுக்கிட்டு நான் கை வைக்க மாட்டேன், நாற்காலியிலேயே போயிட்டார்னா? சர்ஜன் எழுதித் தரட்டும், பிடுங்கறேன்" என்றார். அதுவும் நியாயம். சர்ஜனிடம் எழுதி வாங்கலாம் என்றால், பல் சிவப்பாக இருக்கும்வரை சர்ஜன் திரையில் லியோ இல்லை. திரையில் இல்லாத ஆளுக்கு சர்ஜன் எழுதித் தர முடியாது. ஐந்து வாரம் இரண்டு இடத்துக்கும் மாறிமாறி நடந்தோம். எல்லாரும் நியாயமாகவே பேசினார்கள். அதற்குள் உறக்கமும் சர்க்கரையும் மறுபடி சிவப்பாயின.

ஒரு சனிக்கிழமை லியோ பழைய பஸ் ஷெட்டுக்குப் போனார். வாயில் துணியோடு திரும்பிவந்தார். சட்டைப் பையில் பல் இருந்தது.

"யோவ், உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? எதை வச்சுப் பிடுங்கின?" என்றேன்.

"குறடுதான். புதுக் குறடு, பெர்னி. வெந்நீர்ல போட்டுத்தான் எடுத்தேன்."

இரண்டு நாள் ரத்தம் நிற்கவில்லை. இரண்டு நாளும் அவர் தலையை என் மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். திங்கட்கிழமை கெய்லினிடம் பல்லைக் காட்டினோம். சந்தோஷப்பட்டாள். "பிடுங்கினவரோட லைசென்ஸ் நம்பர் வேணுமே" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் லியோ பர்ஸிலிருந்து மாநில அரசு கொடுத்த வாகனச் சோதனை லைசென்ஸை எடுத்து நம்பரைப் படித்தார். கம்ப்யூட்டர் கொஞ்சம் யோசித்தது. பிறகு பச்சை காட்டியது. பென்சில்வேனியா மாநிலத்தில் பஸ் பிரேக் சோதிக்கத் தகுதி பெற்றவர் பல்லும் பிடுங்கலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

மனநிலைக் கட்டத்தில், பயமாக இருக்கிறதா என்று கேட்டார்கள். லியோ ஆமாம் என்றார். பயம் இருக்கிறவர் ஆபரேஷனுக்குத் தயாராக இல்லை என்று சிவப்பு. அடுத்த தடவை இல்லை என்றார். உண்மையை ஏற்க மறுக்கிறார் என்று சிவப்பு. மூன்றாம் தடவை புருனோ சொல்லிக் கொடுத்தபடி, "இருக்கு, ஆனா அதோட நட்பா இருக்கேன்" என்றார். பச்சை.

கடைசியில் நின்றது நடை. ஆறு நிமிஷத்தில் ஆயிரத்து இருநூறு அடி நடந்து காட்ட வேண்டும். அக்டோபரில் எழுநூறு அடியில் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆபரேஷனைத் தாங்கும் பலம் இல்லை, வீட்டில் பழகிவிட்டு வாருங்கள் என்றார்கள். இதயம் சரியானால்தானே நடப்பார் என்றேன். நடந்தால்தானே இதயத்தைச் சரிசெய்ய முடியும் என்றாள் கெய்லின். நவம்பர் கடைசியில் மற்ற கட்டங்கள் எல்லாம் எப்படியோ ஒன்றுசேர்ந்து பச்சையாக நின்ற ஒரு நாளில் லியோ மறுபடி நடந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு, உதடு நீலம் பாரிக்க, ஆயிரத்து இருநூற்றுப் பத்து அடி. வெளியே வந்து எங்கள் வேனில் நாற்பது நிமிஷம் பேச்சில்லாமல் கிடந்தார். நான் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இருபதும் பச்சை. டிசம்பர் நாலாம் தேதி டாக்டர் விட்காமை முதல்முறையாக நேரில் பார்த்தோம். பலகையில் இருப்பதைவிட மெலிந்த மனுஷர். நல்ல மரியாதை. எழுந்து நின்று கைகொடுத்தார்.

"லியோ, உங்க கோப்பை முழுக்கப் படிச்சேன். அற்புதம். ஆயிரத்து இருநூத்திப் பத்து அடி. உங்க வால்வை வச்சுக்கிட்டு இவ்வளவு நடக்கற ஆளை நான் பாத்ததில்ல. அதனால ஒரு சந்தோஷமான செய்தி. உங்களுக்கு அவசரமே இல்ல. ஏப்ரல்ல மறுபடி பாக்கலாம்."

"கிறிஸ்துமஸுக்குள்ள செய்யணும்னு ஊர் டாக்டர் சொன்னாரே" என்றேன்.

"நல்ல டாக்டர் அவர். ஆனா அவருக்கு நட்சத்திரம் கிடையாது, பாருங்க. மாநிலமே எங்க சாவுக் கணக்கைத்தான் பாக்குது. வருஷத்துக்கு ரெண்டு பேர் மேஜையில போயிட்டாங்கன்னா மூணு நட்சத்திரம் ரெண்டாயிடும். ரெண்டானா நோயாளிங்க வர மாட்டாங்க. நோயாளிங்க வரலேன்னா யாரைக் காப்பாத்தறது? அதனால நான் யாரையும் தொடறதுக்கு முன்னாடி ரொம்ப யோசிப்பேன். ஒரு ஆளைக்கூட நான் கைவிட்டதில்ல, மிஸஸ் ஹூடாக்."

"தயாரிப்புல இருக்கும்போதே யாராவது போயிட்டா?"

"வருத்தமான விஷயம். ஆனா அவங்க இன்னும் என் நோயாளி ஆகலியே."

"ஏப்ரலுக்குள்ள இவர் விழுந்துட்டா?"

"அதுக்குத்தான் அவசரப் பிரிவு இருக்கு" என்று முகம் மலர்ந்தார். "நினைவில்லாம வர்றவங்களுக்கு எந்தத் தயாரிப்பும் கிடையாது. நேரா மேஜைதான். நானே செய்வேன். சொல்லக் கூடாது, அதுல எனக்கு நல்ல கை."

"அதுல செத்தா?"

"அது வேற பட்டியல். சாகற நிலையில வந்தவங்க செத்தா அதுக்கு யாரும் நட்சத்திரத்தைக் கழிக்க மாட்டாங்க. மனசுக்கும் நிம்மதியா செய்யலாம்."

வேனில் ஏறியதும் லியோ சாவியைப் போடாமல் உட்கார்ந்திருந்தார். "பெர்னி, அந்தாளு வழி சொல்லிட்டாரு, கவனிச்சியா?"

"என்ன வழி?"

"நான் விழணும். ஆனா கரெக்டான இடத்துல விழணும்."

அன்றிலிருந்து நாங்கள் தினமும் காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியின் வண்டி நிறுத்தும் இடத்தில் போய் நின்றோம். அவசரப் பிரிவு வாசலைப் பார்த்த மாதிரி, ஒரு ஃப்ளாஸ்க் காப்பி, கோஸ் இலையில் கறியும் சோறும் சுருட்டி வேகவைத்தது ஒரு டப்பா. சாயந்திரம் ஐந்து மணிவரை. என் புருஷன் விழுவதற்காகக் காத்திருந்தோம்.

மூன்றாம் நாள்தான் கவனித்தேன், எங்களைப் போலவே மற்ற கார்களும் நகரவில்லை. சிவப்பு பிக்கப்பில் ஒரு தம்பதி. சாம்பல் காரில் கம்பளிப் பின்னலும் கையுமாக ஒரு அம்மாள். கடைசியில் பழைய பியூக் கார் ஒன்று, அதில் புருனோ, குறுக்கெழுத்துப் புதிரோடு. மொத்தம் பதினோரு வண்டி. எல்லாரும் தயாரிப்பு வகுப்புக்காரர்கள். டாக்டர் விட்காம் எல்லாரிடமும் அதே மாதிரி முகம் மலர்ந்து பேசியிருக்கிறார்.

"வா லியோ. உனக்கு இவ்வளவு லேட்டாவா புரிஞ்சுது?" என்றார் புருனோ.

"நீ எப்பலேர்ந்து?"

"அக்டோபர்லேர்ந்து. வீட்ல விழுந்தா பூனைக்கு மட்டுந்தான் தெரியும். அது சோறு வைக்கலேன்னு கோவிச்சுக்கும், போன் பண்ணாது."

காவலாளி கர்ட்டிஸ் ஒருநாள் கண்ணாடியைத் தட்டினார். இந்த இடம் நோயாளிகளுக்கும் பார்க்க வருகிறவர்களுக்கும் மட்டும்தானாம்.

"நீங்க நோயாளியா?" என்றார்.

"இன்னும் இல்லைங்கறாங்க" என்றார் லியோ.

"அப்ப யாரைப் பாக்க வந்தீங்க?"

"அதோ, பியூக்ல இருக்காரே, அவரை."

கர்ட்டிஸ் பியூக்கிடம் போய்க் கேட்டார். புருனோ எங்களைக் காட்டினார். கர்ட்டிஸ் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு போனார். அதற்குப்பின் தொந்தரவு இல்லை.

அந்த இரண்டு மாதத்தை எப்படிச் சொல்ல? காலையில் சிலுவை போட்டுக்கொண்டு, ஆண்டவரே, இன்றைக்கு இவர் விழட்டும் என்று வேண்டுவேன். சாயந்திரம் விழாமல் வீட்டுக்குத் திரும்பும்போது சந்தோஷத்தில் நெஞ்சு விம்மும். நாற்பத்தாறு வருஷம் கூட வாழ்ந்த மனுஷன் விழ வேண்டும் என்று ஒருத்தியை வேண்டவைத்ததுதான் அந்த மூன்று நட்சத்திரத்தின் வேலை. கிறிஸ்துமஸ் அன்றைக்கும் அங்கேதான் இருந்தோம். புருனோ எங்கள் வேனுக்குள் வந்து கோஸ் உருண்டை ஐந்து தின்றார். பச்சைக் கட்டமெல்லாம் ஒவ்வொன்றாகச் சிவப்பாகிவிட்டதாகக் கெய்லின் போனில் வாழ்த்தோடு சேர்த்துச் சொன்னாள்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினோரு மணி. காலையிலிருந்து பனி கொட்டியிருந்தது. லியோ கால் மரத்துப்போகிறது என்று வேனை விட்டு இறங்கினார். கதவைச் சாத்தினார். அப்படியே மடிந்து விழுந்தார்.

ஓடினேன். வாசலுக்கு உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

"என் வீட்டுக்காரர் விழுந்துட்டார். வாங்க, சீக்கிரம் வாங்க."

"மேடம், அவர் கோட்டுக்கு உள்ளயா, வெளியவா?"

எனக்குப் புரியவில்லை. கையைக் காட்டினாள். வாசலுக்கு வெளியே ஆறடி தள்ளி, பனியை வழித்த தரையில், மஞ்சளாக ஒரு கோடு போட்டிருந்தது. இரண்டு மாதமாக அந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அந்தக் கோடு கண்ணில் பட்டதில்லை.

"வெளிய. அதோ, பச்சை வேன் பக்கத்துல. தெரியுது பாருங்க."

"தெரியுது மேடம். ஆனா எங்க ஆளுங்க கோட்டைத் தாண்டக் கூடாது. காப்பீட்டு விதி. நீங்க 911-க்குக் கூப்பிடுங்க."

"நீங்கதானே ஆஸ்பத்திரி?"

"ஆமா மேடம். ஆம்புலன்ஸ் அவரை இங்கதான் கொண்டுவரும்."

"எவ்வளவு நேரத்துல?"

"இந்தப் பனிக்கு இருபத்தஞ்சு நிமிஷம் ஆகலாம்."

இரண்டு நர்ஸுகள் படுக்கையை உருட்டிக்கொண்டு கோடுவரை வந்து நின்றுவிட்டார்கள். அதில் ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள். கையை நீட்டி, இங்கே கொண்டுவாருங்கள் என்கிற மாதிரி சைகை காட்டினாள். கால் மட்டும் கோட்டுக்கு அந்தப் பக்கமே இருந்தது.

நான் திரும்பி ஓடிவந்தபோது புருனோ தன் பியூக்கின் பின்கதவைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் சறுக்கு வண்டியை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பனிக்காலத்தில் பார்சல் இழுக்கத் தபால்காரர்கள் வைத்திருப்பார்களே, அது. சிவப்பு பிக்கப்காரரும் இறங்கி வந்தார். வேனுக்குள் தூக்கி ஏற்ற எங்களுக்குப் பலம் இல்லை; மூன்று பேருமாக லியோவைப் புரட்டி அதில் போட்டோம். புருனோ கயிற்றைத் தோளில் மாட்டினார்.

"புருனோ, நீ வேண்டாம். உனக்கும் அதே நெஞ்சுதான். என்கிட்ட குடு" என்றேன்.

"தள்ளும்மா. முப்பது வருஷமா இதைத்தான் இழுத்தேன். நீ பின்னால தள்ளு, பேசாத."

இழுத்தார். இருநூறு அடி இருக்கும். நான் பின்னால் குனிந்து தள்ளினேன். அவர் மூச்சு எனக்குக் கேட்டது. இரண்டு தடவை நின்றார். மூன்றாம் தடவை நிற்கவில்லை. சறுக்கு வண்டியின் மூக்கு மஞ்சள் கோட்டைத் தாண்டியதும் எட்டு கைகள் ஒரே சமயத்தில் லியோவைத் தூக்கின. ஒருத்தி கத்தரிக்கோலால் சட்டையைக் கிழித்தாள். இன்னொருத்தி ஓடிக்கொண்டே ஊசி போட்டாள். யாரும் பல்லைக் கேட்கவில்லை. நாயைக் கேட்கவில்லை. பயமாக இருக்கிறதா என்று கேட்கவில்லை. நானும் அவர்களோடு உள்ளே ஓடினேன்.

பன்னிரண்டேகாலுக்கு டாக்டர் விட்காம் நெஞ்சைத் திறந்தார். நாலரைக்கு வெளியே வந்து, புது வால்வு நன்றாக வேலை செய்கிறது என்றார். சும்மா சொல்லக் கூடாது, நல்ல கைதான்.

புருனோ உள்ளே வரவில்லை. கர்ட்டிஸ்தான் எனக்குச் சொன்னார். லியோவைக் கொடுத்துவிட்டு, கயிற்றைக் கீழே போட்டுவிட்டு, காரைப் பார்த்து இருபது அடி நடந்தாராம். பனிக் குவியல் மேல் உட்கார்ந்தாராம். கர்ட்டிஸ் உள்ளே ஓடிப்போய்ச் சொன்னாராம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண், உள்ளேயா வெளியேயா என்று கேட்டாளாம். ஆம்புலன்ஸ் இருபத்திரண்டு நிமிஷத்தில் வந்ததாம்.

நான் ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை. அந்தக் குற்றவுணர்ச்சியை எந்த வகுப்பிலும் பச்சையாக்க முடியாது.

மூன்றாம் நாள் டாக்டர் விட்காம் லியோவைப் பார்க்க வந்தபோது வராந்தாவில் நிறுத்தினேன்.

"புருனோ பானிக்கை எந்தப் பட்டியல்ல எழுதியிருக்கீங்க?"

யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "அவர் இறந்தது வண்டி நிறுத்துற இடத்துல. அது கட்டடப் பராமரிப்புத் துறை, மிஸஸ் ஹூடாக். பனியில வழுக்கினதா பதிவு பண்ணியிருப்பாங்க. அவங்களும் அதைப் பெரிசா எடுத்துக்கிட்டு இப்ப நல்லா உப்புத் தூவறாங்க."

லியோவிடம் ஒரு வாரம் கழித்துத்தான் சொன்னேன். சிவப்புத் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதார். அதன் உபயோகம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

ஏப்ரலில் கெய்லின் போன் பண்ணினாள். வகுப்புக்கு வந்து புதியவர்களுக்குத் தைரியம் சொல்ல வேண்டுமாம். தயாரிப்பின் வெற்றிக்கு லியோதான் உதாரணமாம். நான் முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். லியோ போனை வாங்கி, வருகிறேன் என்றார்.

புதிதாகப் பன்னிரண்டு பேர் தலையணையோடு உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் விட்காமும் வந்து ஓரமாக நின்றார். லியோ மெதுவாக எழுந்தார்.

"அவசர வாசலுக்கு நேரா வண்டி நிறுத்த ஆறு இடம் இருக்கு. கோட்டுக்குப் பக்கத்துல. ஏழு மணிக்கு முன்னாடி வந்தா கிடைக்கும். ஜோடியா வர்றவங்க அதை எடுத்துக்காதீங்க. தனியா வர்றவங்களுக்கு விடுங்க. அவங்களை இழுக்க ஆள் கிடையாது" என்றார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

பன்னிரண்டு பேரும் எழுதிக்கொண்டார்கள். கெய்லின் கைதட்டினாள்.

அடுத்த வாரமே அந்த ஆறு இடத்திலும் இரும்புக் கம்பி நட்டுப் பலகை மாட்டிவிட்டார்கள்: டாக்டர்களின் வண்டிகளுக்கு மட்டும். இப்போது இரண்டாவது வரிசையில்தான் நிறுத்த வேண்டும். கோடுவரைக்கும் முந்நூறு அடி.

அதனால் நான் போகிறேன். செவ்வாய், வியாழன், வெள்ளி. லியோ ஆறு மாதத்துக்கு எடை தூக்கக் கூடாது. என் நெஞ்சு நன்றாகத்தான் இருக்கிறது. புருனோவின் சறுக்கு வண்டிக்கு லியோ நாலு சக்கரம் பூட்டிக் கொடுத்தார், பனி இல்லாத நாளிலும் ஓடுகிறது. தனியாக வருகிறவர்களின் வண்டிக்குப் பக்கத்தில் என் வேனை நிறுத்திக்கொள்கிறேன். இதுவரை மூன்று பேரை இழுத்திருக்கிறேன். இரண்டு பேர் பிழைத்தார்கள். ஒருத்தி பிழைக்கவில்லை, சாம்பல் காரில் பின்னலோடு இருந்த அம்மாள், பெயர் எட்னா கோவாச். லியோவை நான் எண்ணுவதில்லை. அவரை இழுத்தது புருனோ.